வெடிச்சதுக்கு எதுக்குடா கை தட்டுறாங்க?

தாம்பரத்திலிருந்து

2023 ஏப்ரல் 20, வியாழக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாவையும் உட்கார வைத்து, டிவியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் முதல் ஏவலைப் பார்த்தேன். அப்பா லேத் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவர். ராக்கெட் என்றில்லை, இரும்பில் செய்த எது ஓடினாலும் பார்ப்பார். திங்கட்கிழமையே ஒரு தடவை இப்படி உட்கார்ந்து, ஏதோ வால்வு உறைந்துபோய்விட்டது என்று கடைசி நேரத்தில் தள்ளி வைத்ததில் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. அம்மா சமையல்கட்டிலிருந்தே, "இன்னைக்கு அமாவாசை, காலையில கிரகணம் வேற. இன்னைக்குப் போய் எவனாவது ஆரம்பிப்பானா?" என்றாள். நம் ஊரில் தெரியாத கிரகணம்தான். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அம்மாவோடு இந்த விஷயத்தில் வாதாட எனக்கு வாய் இல்லை.

சுமார் 120 மீட்டர் உயரம், அடியில் 33 எஞ்சின். திரையின் ஓரத்தில் 33 குட்டி வட்டங்கள் போட்டிருந்தார்கள். எரிகிற எஞ்சினுக்கு வெள்ளை, அணைந்ததற்கு இருட்டு. அப்பாதான் முதலில் கவனித்தார். "கிளம்பறப்பவே மூணு எரியலையே" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னும் சில அணைந்தன. வர்ணனை செய்தவர்கள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ராக்கெட் கரணம் போட ஆரம்பித்தது. தீபாவளிக்குச் சரியாக நிறுத்தாத ராக்கெட் பாட்டிலைச் சாய்த்துவிட்டு எங்கெங்கோ சுழலுமே, அதேதான். நாலாவது நிமிஷம் வெடித்தது. பின்னணியில் ஒரு பெருங்கூட்டம் 'ஹோ'வென்று கத்திக் கை தட்டுகிறது. வர்ணனையாளர் அதற்கு "ரேப்பிட் அன்ஷெட்யூல்ட் டிஸ்அசெம்பிளி" என்று ஒரு பெயர் சொன்னார்.

திட்டமில்லாமல் சட்டென்று கழன்று பிரிவது என்று அப்பாவுக்கு அர்த்தம் சொன்னேன். "தெறிச்சுப் போச்சுன்னு சொல்ல இவ்வளவு நீளமா?" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி: "சரி, வெடிச்சதுக்கு எதுக்குடா கை தட்டுறாங்க?"

ஏதோ பதில் சொன்னேன், எனக்கே ஒட்டவில்லை. உங்களில் யாராவது இப்படி ஒரு தோல்வியை நேரலையிலோ நேரிலோ பார்த்திருந்தால் எழுதுங்கள். முதலில் எது கண்ணில் பட்டது? சத்தம் எப்போது நின்றது?

ஹூஸ்டனிலிருந்து

அன்றைக்கு நான் நேரில் இருந்தேன். ஹூஸ்டனிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போய், டெக்ஸாஸ் ஏவுதளத்துக்கு அருகே சவுத் பேட்ரே தீவின் தென்முனையில், விடியற்காலையிலிருந்து கூட்டத்தோடு நின்றேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் தட்டியது ராக்கெட் கோபுரத்தைத் தாண்டியபோது. அவ்வளவு பெரிய பொருள் சத்தமே இல்லாமல் தரையை விட்டு எழுந்தது. நாங்கள் நின்றது எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. சத்தம் வந்து சேர அரை நிமிஷம் போல ஆனது. வந்தபோது காதில் விழவில்லை, சட்டை அதிர்ந்தது. பக்கத்தில் ஒரு பெரியவரின் மடக்கு நாற்காலியின் அலுமினியக் கால் தடதடவென்று ஆடியது இன்னும் நினைவிருக்கிறது.

வெடித்தது எங்களுக்கு வெறும் வெள்ளைப் புள்ளி. நம்மைச் சுற்றியிருப்பவர்கள் ஃபோனைப் பார்த்து "ஐயோ" என்றதை வைத்துத்தான் தெரிந்தது.

மனைவியும் பையனும் போர்ட் இசபெல் ஊரில் தங்கியிருந்தார்கள், ஏவுதளத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். திரும்பிப் போனால் அங்கே கார் கண்ணாடி, வாசல்படி எல்லாவற்றிலும் பழுப்பு மண். பையன் அதில் விரலால் பெயர் எழுதி வைத்திருந்தான். அடியில் தீயைத் திருப்பிவிடும் பள்ளமும் இல்லை, தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடும் இல்லை, வெறும் கான்கிரீட் தரை. 33 எஞ்சினும் அதைத் தோண்டி எடுத்து ஊர் மேல் தூவிவிட்டன. கேமராக்களோடு ஆளில்லாமல் நிறுத்தியிருந்த ஒரு வேனைக் கான்கிரீட் கட்டி வந்து நொறுக்கிய காட்சியைப் பிறகு எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏவுதளம் மிஞ்சினாலே வெற்றி என்கிற தோரணையில்தான் முதலாளி எலான் மஸ்க் முன்கூட்டியே பேசியிருந்தார். மிஞ்சியது என்னவோ கீழே பெரிய குழியோடு. நேரலையில் அந்தக் குழியைக் காட்டவே இல்லை என்பதுதான் என் குறை.

தாம்பரத்திலிருந்து

அண்ணா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அஸ்திவாரம் போடாம மெஷின ஓட்டியிருக்கான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மேரிலாந்திலிருந்து

எனக்கு இது பழைய கதை, 2014. வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து அன்டாரஸ் ராக்கெட் போகும்போது எங்கள் ஊர் வரைக்கும் வானத்தில் தெரியும் என்றார்கள். சரக்கு சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு. அதில் பள்ளிப் பிள்ளைகள் தயாரித்த சோதனைகளும் இருந்தன. என் பெண் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளியுடையது எதுவும் அதில் இல்லை, ஆனாலும் தன்னுடையதே போகிற மாதிரி இரண்டு நாளாய்த் துள்ளிக்கொண்டிருந்தாள். அக்டோபர் 27 அன்று தடை செய்த கடல் பகுதிக்குள் ஒரு படகு வந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். மறுநாள் சாயங்காலம் 6.22.

ஒரு மைதானத்தில் தென்கிழக்கைப் பார்த்து நின்றோம். கையில் ஃபோன், அதில் நேரலை. ஃபோனில் படம் சில நொடி பிந்தி வரும், அதனால் முதலில் வானத்தைப் பார், ஃபோனைப் பார்க்காதே என்று அவளிடம் நான்தான் சொன்னேன். அவளும் சொன்னபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை நான் பார்த்தேன். கிளம்பிப் பதினைந்து நொடி போல இருக்கும், அடியில் ஏதோ சிதறியது, ராக்கெட் நின்று யோசித்த மாதிரி தயங்கிவிட்டு அப்படியே கீழே இறங்கியது. திரை முழுக்க ஆரஞ்சு.

அவள் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எப்பம்மா வரும்?" என்கிறாள். எத்தனை நொடி அப்படிப் போனதோ தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் காத்ததில்லை.

அந்த எஞ்சின்கள் சோவியத் ரஷ்யா தன் சந்திர ராக்கெட்டுக்காக 40 வருஷத்துக்கு முன்னால் செய்து மூட்டை கட்டி வைத்திருந்தவை, வாங்கிப் புதுப்பித்து மாட்டியிருந்தார்கள் என்று பிறகு படித்தேன். பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இயந்திரப் பொறியியல். அன்றைக்கு நடந்ததால்தான் என்று கதை கட்ட மாட்டேன். அவளுக்குக் கணக்கு வரும், அவ்வளவுதான்.

ட்ரூரோ, கார்ன்வாலிலிருந்து

நான் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். 2023 ஜனவரி 9, பிரிட்டன் மண்ணிலிருந்து முதல் சுற்றுப்பாதை ஏவல் என்று நியூக்வே விமான நிலையத்தில் கொண்டாட்டம். கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு போனேன். சுமார் 2000 பேர், எலும்பு வரைக்கும் குளிர். விர்ஜின் ஆர்பிட் நிறுவனத்தின் ராக்கெட், ஒரு 747 விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும். இரவு பத்து மணி தாண்டியதும் விமானம் கிளம்பியது, கத்தினோம். அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமே இல்லை! ராக்கெட்டை விடுவது அயர்லாந்துக்குத் தெற்கே கடலுக்கு மேல், அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு போனதும் பந்தலில் உட்கார்ந்திருப்பது போல எல்லோரும் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு சுற்றுப்பாதையை எட்டிவிட்டது என்றார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். நிறுவனமே அப்படி ட்விட்டரில் போட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பதிவைக் காணோம். என் தோழி ஃபோனை நீட்டி "இங்கேதானே இருந்துச்சு" என்கிறாள். அப்புறம் மேடையில் வந்து 'அனாமலி' என்று ஒரு சொல். கோளாறு என்று சொல்ல மனம் வராதபோது இவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் தயாராக இருக்கிறது. ஒன்பது செயற்கைக்கோள்களும் போயின. எரிபொருள் வடிகட்டி ஒன்று இடம் நழுவி இரண்டாம் கட்ட எஞ்சின் சூடேறியதுதான் காரணமாம். ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

எங்கள் கூட்டம் கை தட்டவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வரிசையாகப் பேருந்தில் ஏறினார்கள். மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட்.

ஒசாகாவிலிருந்து

2024 மார்ச் 13, காலை 11.01. வகயாமாவின் குஷிமோதோவில் ஸ்பேஸ் ஒன் நிறுவனத்தின் கைரோஸ் ராக்கெட். அலுவலகத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ஐந்து நொடி. ஐந்தே நொடி. ராக்கெட் தன்னைத்தானே அழித்துக்கொண்டது, மலைச்சரிவில் தீத்துண்டுகள் விழுந்தன. பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில் நிறுவனத் தலைவர், தோல்வி என்ற சொல்லைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்றார். பின் இருக்கை ஜப்பானிய நண்பர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்க் காபி எடுத்து வந்தார்.

பெங்களூரிலிருந்து

தாம்பரத்து ஐயாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சில வருஷம் ஒரு தனியார் ராக்கெட் கம்பெனியில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஏவல் வரைக்கும் நான் இருக்கவில்லை, தரையில் கட்டி வைத்து எஞ்சினை எரித்துப் பார்க்கும் சோதனைகள்தான். அதில் ஒன்று வெடித்தது.

கட்டுப்பாட்டு அறையில் யாரும் வீடியோவைப் பார்ப்பதில்லை, எல்லோர் கண்ணும் கிராஃபில்தான். அழுத்தக் கோடு ஒரு படி இறங்குகிற மாதிரி 'டக்'கென்று விழுந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் சுவரைத் தட்டியது. உடனே ஒரு குரல்: யாரும் எழுந்திருக்காதீர்கள், டேட்டாவைச் சேமியுங்கள், பார்த்ததை எழுதுங்கள், வெளியே யாருக்கும் ஃபோன் பண்ணாதீர்கள். இரண்டு மணி நேரம் எழுதினோம். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது என் டீ ஆடை கட்டிப் போயிருந்தது. கை தட்டலா? பக்கத்து சீட்டுக்காரர் மூச்சு விடுவதே கேட்டது.

ஆக, ஐயா டிவியில் கேட்டது கலிபோர்னியாவில், ஸ்பேஸ்எக்ஸின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் கூடி நின்று வேடிக்கை பார்த்த ஊழியர்களின் சத்தம். ராக்கெட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் டெக்ஸாஸில் இருந்தார்கள். தன் கம்பெனி கட்டிய ராக்கெட் 39 கிலோமீட்டர் உயரம் போனதைப் பார்த்த ஆள் தட்டத்தான் செய்வார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்த மைக்கைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தவர் வேறு ஆள், அவரைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து

பெங்களூர் நண்பர் நயமாகச் சொல்லிவிட்டார், நான் நேராகவே சொல்கிறேன்: அது விளம்பரம். ஏவுதளத்துக்குப் பக்கத்திலிருந்த அரசுப் பூங்கா நிலத்தில் மூன்றரை ஏக்கர் எரிந்தது. விசாரணை முடிவில் 63 திருத்தங்கள் செய்யச் சொன்னார்கள். கை தட்டல் மட்டும்தான் எல்லோர் ஃபோனிலும் சுற்றியது.

ஆனால் நேரலையே வேண்டாம் என்பவன் நான் இல்லை. போன வருஷம் மே 18 என்று எழுத வந்தேன், 2025 என்றே எழுதிவிடுகிறேன், ஞாயிறு காலை 5.59க்கு பி.எஸ்.எல்.வி. சி-61. அரசுடையதுதான், தனியார் இல்லை. பையனை எழுப்பி உட்கார வைத்தேன். போக வேண்டிய பாதைக்கு ஒரு கோடு, போகிற பாதைக்கு ஒரு கோடு. மூன்றாம் கட்டத்தில் இரண்டும் விலகின. பையன் "அப்பா, கோடு பிரியுது" என்றான். சில நிமிஷங்களில் இஸ்ரோ தலைவரே வந்து முடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். கைதட்டலும் இல்லை, புதுச் சொல்லும் இல்லை. (1979இல் அப்துல் கலாமின் ராக்கெட் கடலில் விழுந்த கதையை இங்கே யாரும் எடுக்க வேண்டாம், எல்லோருக்கும் மனப்பாடம்.)

அதே சமயம் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை விட்டபோது நேரலையே கிடையாது. நான்கு முறை தள்ளிப்போன பிறகு நடந்தது, நல்லபடியாக முடிந்தது, நமக்குச் செய்தியாகத்தான் தெரிந்தது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

தாம்பரத்திலிருந்து

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மேரிலாந்து அக்கா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். 2025 ஜனவரியில், காணும் பொங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டார்ஷிப்பின் ஏழாவது ஏவல். அப்பா எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார். கீழ்ப்பகுதி திரும்பி வந்து கோபுரத்தின் இயந்திரக் கைகளில் உட்கார்ந்ததும், நான் பார்த்து முதல்தடவையாக அவரே கை தட்டினார். டிவியிலும் ஒரே ஆரவாரம். அது அடங்குவதற்குள் அப்பா கையை நிறுத்திவிட்டு, திரையில் மேல்பகுதியின் வேகத்தையும் உயரத்தையும் சொல்லும் எண்களைக் காட்டினார். "அது நகரலை பாரு."

வர்ணனையாளர்கள் இன்னும் கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.