குய்ஜி தாங்: ஐந்து சரக்கும் உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்கின்றனவா?

நத்தைச்சூரி

சீன மருத்துவம் என்றாலே ஜின்செங், ஊசி குத்துவது என்று பேச்சு முடிந்துவிடுகிறது. சரக்குகளை ஒன்றோடு ஒன்று கோக்கிற விதம்தான் எனக்கு அதில் பிடித்த பகுதி. ஒரே ஒரு கஷாயத்தை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று இதை ஆரம்பிக்கிறேன்.

குய்ஜி தாங். ஏறத்தாழ கி.பி. 200-இல் சாங் சோங்ஜிங் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' என்ற நூலில் வருகிறது. குளிர் தாக்கி வரும் நோய்களைப் பற்றிய நூல் அது. 'தாங்' என்றால் கஷாயம். சீனப் பட்டை மரத்தின் இளங்குச்சி 3 லியாங் (பழைய சீன எடை அளவு), பியோனி வேர் 3 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், வறுத்த அதிமதுரம் 2 லியாங், சீன இலந்தைப் பழம் 12. அவ்வளவுதான்.

யாருக்கு என்றால், காய்ச்சல் இருக்கிறது, வியர்க்கவும் வியர்க்கிறது, ஆனாலும் காற்றுப் பட்டால் உடம்பு கூசுகிறது, மூக்கடைப்பு, வெறும் ஓங்கரிப்பு என்று வருகிறவருக்கு. உடம்பின் வெளிக்காவல் (இதை 'வெய்' என்பார்கள்) கதவைத் திறந்து போட்டுவிட்டது, உள்ளே இருக்கும் சத்துநீர் ('யிங்') ஒழுகுகிறது என்பது அவர்கள் கணக்கு. குச்சி வெளியே தள்ளும், பியோனி உள்ளே இழுத்துப் பிடிக்கும். இரண்டும் சம எடை. இஞ்சி குச்சிக்குத் துணை, இலந்தை பியோனிக்குத் துணை. அதிமதுரம் நடுவில் நின்று சமாதானம் செய்யும். அரசன், அமைச்சன், உதவியாளன், தூதன் என்று பதவியும் உண்டு. ஏற்கெனவே வியர்க்கிறவருக்கு வியர்வை மருந்தைக் கொடுத்தே வியர்வையை நிறுத்துகிறார்கள். தனிச் சரக்கால் இது நடக்காது என்பது என் கட்சி.

பிப்பெட்

கதை நன்றாக இருக்கிறது. நான் மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் குடைகிறேன்.

சாதாரணச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும். தானாகப் போகிற நோய்க்கு யார் எதைக் கொடுத்தாலும் பேர் வாங்கலாம். அடுத்தது, பட்டையில் சின்னமால்டிஹைட் இருக்கிறது, இஞ்சியில் ஜிஞ்சரால் இருக்கிறது. முன்னது டி.ஆர்.பி.ஏ.1 என்ற நரம்பு வாயிலைத் தட்டும், பின்னது மிளகாய் தட்டுகிற அதே டி.ஆர்.பி.வி.1-ஐத் தட்டும். இரண்டுமே எரிச்சல், சூடு என்ற உணர்வைக் கிளப்புகிறவை. அதிமதுரம் கஷாயத்தைக் குடிக்கும்படி இனிப்பாக்குகிறது. இதில் யார் அரசன், யார் தூதன்? ஐந்து சரக்கை வைத்து 31 விதமாகக் கூட்டலாம். அந்த 31-இல் இந்த ஒன்றுதான் சரி என்று அரசவைக் கதையை வைத்து எப்படி முடிவு செய்வது?

பழுப்புத்தாள்

இடையில் ஒரு திருத்தம். அரசன், அமைச்சன் எல்லாம் 'ஷாங் ஹான் லுன்'-இல் கிடையாது. அந்தப் பதவிப் பெயர்கள் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற வேறு பழைய நூலில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து சாங்கின் கஷாயங்களுக்குப் பொருத்தி விளக்கியவர் 12-ஆம் நூற்றாண்டின் செங் வூஜி. இடைவெளி 900 ஆண்டுக்கு மேல்.

சாங் பெரும்பாலும் அறிகுறி, சரக்கு, எடை, காய்ச்சும் முறை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருடைய முன்னுரையைப் படித்தால் அந்த அவசரம் புரியும். 200 பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில், கி.பி. 196-இல் ஜியான்ஆன் என்ற ஆட்சிக்காலம் தொடங்கிப் பத்து வருடம் ஆவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் செத்துப்போனார்கள், அதில் பத்துக்கு ஏழு குளிர்நோயால் என்கிறார். கொள்ளை நோய்க்கு நடுவில் எழுதிய கைக்குறிப்பு மாதிரிதான் எனக்குப் படுகிறது.

நத்தைச்சூரி

பழுப்புத்தாள் சொல்வது சரி. பதவிகளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், என் வாதத்துக்கு அவை தேவையும் இல்லை.

அந்த நூலுக்குள்ளேயே எடையை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். பியோனியை 3-இலிருந்து 6 லியாங் ஆக்கினால் அது சளிக்காய்ச்சல் மருந்தே இல்லை, வயிறு உப்பி வலிப்பதற்கான மருந்து. அதிலேயே ஒரு ஷெங் (பழைய முகத்தல் அளவு) தானிய மால்ட் பாகு சேர்த்தால் ஷியாவ் ஜியான்சோங் தாங். வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்கு. குச்சியை 5 ஆக்கினால், அடிவயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏதோ பாய்ந்து ஏறுகிற மாதிரி வரும் தொல்லைக்கு. அந்த நோய்க்குப் பெயரே 'ஓடும் பன்றிக்குட்டி'. பியோனியை எடுத்துவிட்டால் நெஞ்சு அடைப்புக்கு. சரக்குகள் ஒன்றையொன்று பாதிக்காது என்றால் எடையை மாற்றியதற்கு எதற்காகத் தனிப்பெயரும் தனி நோயும்?

பிப்பெட்

பன்றிக்குட்டியை ரசித்தேன். ஆனால் பெயர் வைத்ததால் எதுவும் நிரூபணம் ஆகிவிடாது. நாளைக்கு நான் ரசத்தில் மிளகை இரட்டிப்பாக்கி வேறு நோய்க்கு என்று எழுதலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'அரசன் தள்ளுவான், அமைச்சன் பிடிப்பான்' என்பதைச் சோதிக்க வழியே இல்லை. 'பியோனியை இரட்டித்தால் வயிற்று வலி குறையும்' என்பதைச் சோதிக்கலாம். அந்த அளவில் உங்கள் சாங் பின்னால் வந்த உரைகாரர்களைவிட நேர்மையானவர். சரி, எடைதான் உயிர் என்றால் ஒரு லியாங் எத்தனை கிராம்?

தேக்கா அக்கா

நான் சிங்கப்பூர். இங்கே 2000-ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் பார்க்கிறார்கள். எங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கும் கடையில் இந்தக் கஷாயத்தை வாங்கிக் குடித்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் கஞ்சியை விட்டுவிட்டீர்களே! மருந்து குடித்த கொஞ்ச நேரத்தில் சூடாக நீர்க்கஞ்சி குடித்து இழுத்துப் போர்த்திப் படுக்க வேண்டும் என்று அந்த அம்மா மூன்று தடவை சொன்னார். நம் ஊரில் அனுபானம் என்பது போல.

பழுப்புத்தாள்

அக்கா சொன்னது நூலிலேயே இருக்கிறது. 7 ஷெங் தண்ணீரைச் சிறு தீயில் 3 ஷெங்காகச் சுண்டவைத்து, ஒரு ஷெங் குடி. சற்றுப் பொறுத்து ஒரு ஷெங்குக்கு மேல் சூடான நீர்க்கஞ்சி குடி. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போர்த்திக்கொள். உடம்பெல்லாம் லேசாக வியர்வை கசிய வேண்டும். தண்ணீராகக் கொட்டினால் நோய் போகாது. ஒரு வேளையிலேயே குணமானால் மீதியைக் குடிக்காதே. பத்தியமும் நீளம்: பச்சையானது, குளிர்ந்தது, வழவழப்பானது, இறைச்சி, மாவுப் பண்டம், பூண்டு வகை, மது, பாலில் செய்தது. சரக்குப் பட்டியலைவிட இந்தக் குறிப்பு பெரிது.

லியாங் கேள்விக்கு வருகிறேன். சாங் வாழ்ந்த ஹான் காலத்து லியாங் 14 முதல் 15.6 கிராம் வரை என்று கணக்கிடுகிறார்கள். 3 லியாங் என்றால் கிட்டத்தட்ட 45 கிராம். ஆனால் இன்றைய பாடநூல்களில் 9 கிராம்தான். 16-ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் என்ற மருத்துவர் 'பழைய ஒரு லியாங்குக்கு இன்று ஒரு சியான் போதும்' என்றார். ஒரு சியானை இன்று 3 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

பிப்பெட்

அக்கா, என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள். சூடான கஞ்சி, போர்வை, இரண்டு மணி நேரம் படுக்கை, மது கிடையாது. இதில் கஷாயத்தின் பங்கு எவ்வளவு? கஷாயம் இல்லாமல் இத்தனையும் செய்த ஒரு கூட்டத்தை எதிரே வைக்காமல் பேசக் கூடாது.

எடை விஷயம் இன்னும் வேடிக்கை. மற்ற எல்லாவற்றையும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தவர்கள், எண்ணிப் போடுகிற இலந்தைப் பழத்தைப் பல புத்தகங்களில் 12 என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். அதாவது இலந்தையின் விகிதம் ஐந்து மடங்கு கூடிவிட்டது. விகிதம் மாறினால் மருந்தே மாறும் என்றீர்களே, இதற்கு ஏன் புதுப் பெயர் வைக்கவில்லை?

நத்தைச்சூரி

இலந்தையில் அடி வாங்கிவிட்டேன். சில நூல்கள் 3 பழம் என்று திருத்தியிருக்கின்றன, ஆனால் அது தப்பிக்கிற பதில். ஐந்து சரக்கின் விகிதமும் நுணுக்கமானது என்று இனிச் சொல்ல மாட்டேன். குச்சியும் பியோனியும் 45-க்கு 45 ஆனாலும் 9-க்கு 9 ஆனாலும் சமம். அந்த ஒரு விகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். 45 கிராம் என்று பயப்படவும் வேண்டாம். அது மூன்று வேளைக்கான பானை. முதல் வேளையில் சரியானவருக்கு உள்ளே போனது 15 தான்.

கஞ்சியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வியர்வையே வராத, உடம்பெல்லாம் வலிக்கிற காய்ச்சலுக்கு சாங் வேறு கஷாயம் தருகிறார், மா ஹுவாங் தாங். மா ஹுவாங் என்ற மூலிகையில் எஃபெட்ரின் என்ற வலுவான மருந்துப்பொருள் இருக்கிறது. அங்கே 'போர்த்திக்கொள், கஞ்சி தேவையில்லை' என்று எழுதுகிறார்! எல்லா நோயாளிக்கும் கஞ்சி கொடுத்துப் பேர் வாங்கியவராக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். வலுவான சரக்கு இருக்கும் இடத்தில் கஞ்சியை எடுத்துவிடுகிறார், மென்மையான இடத்தில் சேர்க்கிறார். எனக்கு அது ஆறாவது சரக்கு. வியர்வை இல்லாதவருக்குக் குய்ஜி தாங் கொடுத்துவிடாதே என்று எச்சரிக்கையும் தனியாக உண்டு.

பிப்பெட்

'கஞ்சி தேவையில்லை' எனக்குத் தெரியாது. நல்ல சான்று. அவர் கவனித்திருக்கிறார் என்பதற்குச் சான்று. அவர் கவனித்தது சரி என்பதற்கு அல்ல.

நத்தைச்சூரி

இன்னும் சின்னதாகக் காட்டுகிறேன். ஐந்தில் பியோனி, அதிமதுரம் இரண்டை மட்டும் எடுத்து 4-க்கு 4 லியாங். ஷாவ்யாவ் கான்ட்சாவ் தாங். அதே நூல்தான், கால் இழுத்துக்கொண்டவருக்குக் கொடுத்தால் கால் நீளும் என்று இருக்கிறது. ஜப்பானில் இன்றும் கெண்டைக்கால் பிடிப்புக்கு அலோபதி டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள், காப்பீட்டிலும் வருகிறது. அங்கே இந்த மாதிரிக் கஷாயத் தூள்கள் 1976-இல் பெருமளவில் காப்பீட்டுப் பட்டியலில் சேர்ந்தன.

பிப்பெட்

இதோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டே சரக்கு, ஒரே அறிகுறி, விளைவு வந்ததா இல்லையா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். இந்த மாதிரித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் அதிமதுரத்தை யாரும் 'சமாதானக்காரர்' என்று நம்பிவிட வேண்டாம். அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை முடக்கும் நொதியைத் தடுக்கிறது. முடங்காத கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்கிற வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் இறங்கினால் தசை பலவீனமும் வரும், பிடிப்பும் வரும். பிடிப்புக்குக் குடித்த மருந்தால் பிடிப்பு! ஜப்பானிய டாக்டர்கள் இதை நன்றாக அறிவார்கள். நம் நாட்டு மருந்துக் கடை அதிமதுரமும் இதே குடும்பம்தான்.

தேக்கா அக்கா

ஐயோ, அதைத்தான் கேட்க வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பி.பி. மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறார். இந்த இரண்டு சரக்குக் கஷாயம் கொடுக்கலாமா?

பிப்பெட்

வேண்டாம். நீர் பிரிகிற மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை, மேலே அதிமதுரமும் சேரக் கூடாது. முதலில் அவருடைய டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

நத்தைச்சூரி

இதில் நானும் பிப்பெட் பக்கம்தான்.

தேக்கா அக்கா

சரி. அவருக்குச் சளி பிடித்தால் குய்ஜி தாங்காவது? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பீர் குடிப்பார், அவ்வளவுதான்.

பழுப்புத்தாள்

அதிலும் அதிமதுரம் இருக்கிறது அக்கா, மேலே சொன்ன பதிலே இதற்கும். போதாததற்கு சாங்கும் தடுத்துவிட்டார். குடிகாரர்களுக்குக் குய்ஜி தாங் கொடுக்காதே, வாந்தி எடுப்பார்கள், அவர்களுக்கு இனிப்புப் பிடிக்காது என்று எழுதியிருக்கிறார்.

தேக்கா அக்கா

இனிப்புப் பிடிக்காதாமா? போன வாரம் லட்டு டப்பாவைக் காலி செய்தது யாராம்?