ஈடனின் பெயர் சூயஸால் மட்டும்தான் கெட்டதா?

கேள்வி: ஹிட்லர் காலத்திலேயே, 1938இல், பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினோடு முரண்பட்டு வெளியுறவு அமைச்சர் பதவியை உதறியவர் அந்தோனி ஈடன். பின்னாளில் பிரதமரான அவரை ஏன் தோல்வியடைந்த பிரதமர் என்றே சொல்கிறார்கள்? உடல்நிலைதான் காரணமா?

பதில் 1: உடல்நிலைக்குப் பங்கு உண்டு. 1953 ஏப்ரலில் பித்தப்பை அறுவை சிகிச்சையில் பித்தநாளம் சேதமானது. சரிசெய்ய பாஸ்டன் வரை போனார். அதற்குப் பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஆம்பெட்டமின் கலந்த மாத்திரையும் எடுத்தார். ஆனால் சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது படை அனுப்பிய முடிவை மாத்திரை மேல் போடுவது தப்பு. எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கிய 1956 ஜூலையிலிருந்தே படைபலத்தைப் பற்றித்தான் யோசித்தார்.

பதில் 2: பெயரைக் கெடுத்தது போரைவிட பொய்தான். அக்டோபர் 24 அன்று பாரிஸ் அருகே செவ்ரில் பிரான்ஸோடும் இஸ்ரேலோடும் பிரிட்டன் ரகசிய ஒப்பந்தம் போட்டது: இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும், மற்ற இருவரும் சண்டையை விலக்குவதுபோல் படையோடு நுழைவார்கள். பிரிட்டன் பிரதியை ஈடன் அழிக்கச் சொன்னார். இஸ்ரேல் பிரதி தப்பிவிட்டது. டிசம்பர் 20இல் நாடாளுமன்றத்தில், இஸ்ரேல் தாக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மன்னிக்கவே முடியாது.

பதில் 1: ஆமாம், அதில் மறுப்பில்லை. படையை நிறுத்தியது பவுண்டுதான்: நாணயம் சரிய, அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு கைகொடுக்க மறுத்தது. நவம்பர் 6இல் போர்நிறுத்தம், 1957 ஜனவரி 9இல் ராஜினாமா.