க்யூஆர் கோடு அச்சடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

கோவை மோட்டார்க்காரன்:
எங்கள் போர்வெல் மோட்டாருக்கு 16 பக்க விளக்கப் புத்தகம் தருவோம். செலவைக் குறைக்க அதை ஒற்றை நோட்டீஸாக்கி, மூலையில் க்யூஆர் கோடு போட்டு 3,000 அடித்தோம். பேனல் போர்டு வயரிங் படமெல்லாம் பிடிஎஃப்பில். கோடு எடுத்தவன் நான்தான், ஓசியில் கிடைத்த ஒரு தளத்தில். 14 நாள்தான் ஓசி என்பதைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம். மோட்டார் இறக்கியாச்சு, எந்த வயர் எங்கே என்று தெரியாமல் எலக்ட்ரீசியன் நிற்கிறான். பெரியவர் நோட்டீஸைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து என் கண்முன்னேயே ஸ்கேன் செய்தார். பணம் கட்டச் சொல்லி இங்கிலீஷில் ஒரு பக்கம் வந்தது. "ஏந்தம்பி, மோட்டாருக்குத்தான் முழுசாக் குடுத்துப்போட்டனே, இது எதுக்கு?" அது நான் கட்ட வேண்டிய பணம் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

திருப்பூர் டேக்:
எங்களுக்குப் பனியன் டேக்கில். சைஸ் சார்ட் கூகுள் டிரைவில் இருந்தது, என் போனில் ஜோராகத் திறந்தது. திறக்காமல் என்ன, என் கணக்குதானே! சரக்கு கப்பலேறி அங்கே கடைக்குப் போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு 'அனுமதி வேண்டும்' என்று மெயில் மேல் மெயில். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஈரோடு அச்சகம்:
மோட்டார்க்காரர் தளத்தின் மேல் பழி போடுவது சரியில்லைங்க. நீங்கள் எடுத்தது டைனமிக் கோடு. அதற்குள் இருப்பது அவர்களுடைய சிறு முகவரி. அங்கிருந்துதான் உங்கள் பிடிஎஃப்புக்குத் திருப்பி விடுகிறார்கள். வாடகை நின்றால் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள். ஸ்டாட்டிக் கோட்டில் உங்கள் முகவரியே இருக்கும், அதற்குக் கெடு கிடையாது. ஆனால் பிடிஎஃப்பை இடம் மாற்றினால் அதுவும் செத்தது. சொந்த டொமைனில் சின்ன முகவரி வைத்து நீங்களே திருப்பி விடுங்கள். முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். 'க' ஒன்றே 9 எழுத்தாக நீண்டு, கட்டம் பொடிப்பொடியாகிவிடும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் கார் உதிரிபாகத்துக்காகச் செய்தது இது, கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் படிக்கும். பிழை திருத்தத்தை உச்ச நிலையில் வைத்தால் சுமார் 30 சதவீதம் வரை சேதம் தாங்கும் என்பதற்காக நடுவில் குலதெய்வம் படத்தைப் பெரிதாக வைக்காதீர்கள்.

என் கதையா? கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி காட்டும் கோட்டைத் தங்க ஃபாயிலில் அடித்தேன். வெளிச்சம் பட்டுப் பளபளத்ததே தவிர ஒரு போனும் படிக்கவில்லை. சென்னிமலைக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டு வேன் ஊத்துக்குளி போய் நின்றது.

கோவை மோட்டார்க்காரன்:
அண்ணா, தளத்தை நான் எங்கே குறை சொன்னேன்? பார்க்காதது என் தப்பு என்றுதானே எழுதியிருக்கிறேன். அப்புறம், அந்தத் தோட்டத்தில் டவரே ஒரு கோடுதான் வரும். சொந்த டொமைன் வைத்து என்ன செய்ய? இப்போது வயரிங் படத்தை மட்டும் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே அடித்துவிடுகிறோம்.