பொருள்: “ஏர் டிஃபென்ஸ் ரெஜிமென்ட்” – தமிழ்ச்சொல் வேண்டும்

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் கேஜ்டவுன் தளத்தில் இருக்கும், முன்னர் 4 ஆவது ஏர் டிஃபென்ஸ் ரெஜிமென்ட் எனப்பட்ட கனடியப் படையின் வரலாற்றைக் கூறும் காட்சிப்பலகையின் தமிழ் வடிவத்தை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘119 ஏர் டிஃபென்ஸ் பேட்டரி’ என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு “119 ஆவது வான் பாதுகாப்பு மின்கலம்” என்று எழுதித் தருகிறது. “விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைப்பிரிவு” என்று ரெஜிமென்ட்டின் பெயரை நான் மாற்றியிருக்கிறேன், அதுவும் நெருடுகிறது. ரெஜிமென்ட்டுக்கும் அதன் உட்பிரிவான பேட்டரிக்கும் சொல் சொல்லுங்கள்.

சென்னைப் பொறியாளர் எழுதியது:

‘விமான எதிர்ப்புப் பீரங்கி’ என்ற தொடர், 40 மி.மீ. போபர்ஸ் பீரங்கியை வானத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பொருந்தும். இந்த ரெஜிமென்ட்டோ 1980களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் லார் நகரில் வான்காப்புப் பணிக்கென அமைக்கப்பட்டது. லார், பாடன்-சோலிங்கன் வான்தளங்களைக் காக்க ஸ்கைகார்டு ராடாருடன் இயங்கும் இரட்டைக்குழல் 35 மி.மீ. பீரங்கிகள், தோளில் தாங்கி ஏவும் ஜாவ்லின் ஏவுகணைகள், எம்113 கவச ஊர்தியின் மேல் எட்டு ஏவுகணைகளோடு அமர்ந்திருந்த ஏடாட்ஸ் ஆகிய மூன்றும் அதற்கு வாய்த்தன. ஏடாட்ஸ் விமானத்தை மட்டுமன்றி டாங்கியையும் அடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே ‘விமான எதிர்ப்பு’ என்பது குறுகல்; ‘பீரங்கி’ என்பது பாதி உண்மை. ‘தரைசார் வான்காப்பு’ என்பது என் முன்மொழிவு.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

பீரங்கி என்பது பறங்கியரோடு வந்த சொல். அது போனால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வானில் வரும் பகையை வீழ்த்துவதற்குத் தமிழில் சொல் இல்லையென்பதுபோல் ஏன் தவிக்க வேண்டும்? ஆகாயத்தில் அசைந்த கோட்டைகளை அழித்த சோழனைப் புறநானூற்றின் 39 ஆம் பாட்டு ‘தூங்கெயில் எறிந்த’ என்று பாடுகிறது. ‘தூங்கெயில் எறிபடை’ என்று எழுதுங்கள். பேட்டரி என்பது பீரங்கிகளை நிரைத்து வைத்ததால் வந்த அமைப்பு. மின்கலத்துக்கே அப்பெயர் படைத்துறையிலிருந்து போனதுதான். எனவே அது ‘நிரை’.

மதுரைப் பேராசிரியை எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும். அப்பாட்டில் வானத்தில் இருப்பது கோட்டை, தாக்குபவன் சோழன். நமக்கு வேண்டியதோ தாக்க வருவோரிடமிருந்து காப்பது. காப்புக்கு, கோட்டை மதிலைக் காப்பதைப் பாடும் நொச்சித்திணைதான் இலக்கண மரபு. தொல்காப்பியர் அதை மதிலை முற்றுகையிடும் உழிஞைத்திணைக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கியது. ஆயினும் ‘வான்நொச்சி’ என்று நான் முன்மொழியப் போவதில்லை. படிப்பவர் மூலிகைத் தோட்டம் என்று எண்ணுவர். ‘நிரை’யும் ஆபத்து. பசுநிரையைக் கவரும் வெட்சித்திணையைப் படித்தவர்கள் 119 ஆவது நிரையைக் கரந்தையார் எப்போது மீட்டனர் என்று கேட்பார்கள்.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் எழுதியது:

சிரிப்பார்கள் என்று அஞ்சியிருந்தால் ‘பேருந்து’ இன்று ஓடியிருக்காது. முதலில் புரியாத சொல் புழங்கப் புழங்கப் புரியும்.

யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் எழுதியது:

பேருந்து நாள்தோறும் தெருவில் வந்தது. காட்சிப்பலகையை ஒருவர் ஒருமுறைதான் படிப்பார். இன்னொன்று: எங்கள் செய்தித்தாள்களில் ‘படைப்பிரிவு’ என்றால் டிவிசன் என்றே கொள்வர். அதைவிடப் பன்மடங்கு சிறிய ரெஜிமென்ட்டுக்கு ‘படையணி’ என்பதே பொருந்தும். ‘தரைசார்’ என்பதையும் விட்டுவிடுங்கள். 1990 இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபின் கனடா வளைகுடாவுக்கு அனுப்பிய அத்தபாஸ்கன், டெரா நோவா, புரொடெக்டர் ஆகிய கப்பல்களில் ஜாவ்லின் ஏவுகணைகளோடு ஏறி நின்றவர்கள் இந்த வான்காப்புப் பீரங்கிப்படையினர்தாம். கப்பல் தளத்தில் நின்றவரைத் தரைசார் என்பது எப்படி?

சென்னைப் பொறியாளர் எழுதியது:

ஏற்கிறேன், ‘வான்காப்பு’ போதும். ஆனால் முழு வரலாற்றுக்கும் அதையே தலைப்பாக்க வேண்டாம். ஜாவ்லினை அடுத்து ஏடாட்ஸும் 2012 இல் ஓய்வு பெற்றது. மாற்று ஆயுதம் வராததால் ரெஜிமென்ட்டின் பெயரிலிருந்தே வான்காப்பு நீங்கி, ராடாரும் ஆளில்லா விமானங்களும் கையாளும் ‘ஜெனரல் சப்போர்ட்’ ரெஜிமென்ட் ஆயிற்று. உக்ரைன் போருக்குப் பின்னர்தான், லாத்வியாவில் இருக்கும் தன் படையினருக்காகக் கனடா சுவீடனின் ஆர்பிஎஸ் 70 ஏவுகணைகளை வாங்கியது. இடைவெளியை மறைத்துவிடும் தலைப்பு வரலாறாகாது.

மதுரைப் பேராசிரியை எழுதியது:

பீரங்கியை அடியோடு நீக்குவதும் சரியன்று. ஏவுகணை ஏந்தினாலும் இவர்கள் ‘எங்கும்’ என்று பொருள்படும் ‘உபிக்வே’ என்ற இலத்தீன் சொல்லைக் குறிக்கோளாகக் கொண்ட கனடிய அரச பீரங்கிப்படையைச் சேர்ந்தவர்கள். பீரங்கியைத் தாய்ப்படையின் பெயரில் வைத்துவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும்.

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘கனடிய அரச பீரங்கிப்படையின் 4 ஆவது படையணி’ என்பது தலைப்பு. லார் காலம் முதல் ஏடாட்ஸ் ஓய்வு வரையுள்ள பகுதிகளில் மட்டும் ‘வான்காப்புப் படையணி’. ஜெனரல் சப்போர்ட்டுக்கு இப்போதைக்குப் ‘பொதுத்துணை’. பேட்டரிக்குத் ‘தொகுதி’ என்று மூவர் தனிமடலில் சொன்னார்கள், அதையே இடுகிறேன்.

தஞ்சாவூர்த் தமிழாசிரியர் எழுதியது:

‘தொகுதி’ என்றால் சட்டமன்றம்தான் நினைவுக்கு வரும். 119 ஆவது தொகுதியில் வேட்பாளர் யார் என்று கேட்பவருக்குப் பேராசிரியை அம்மா விடை சொல்லட்டும். என் மறுப்பைக் குழும ஆவணத்தில் பதிவு செய்க.