1970 செவெல்: 454 எஞ்சின் போட்ட பிறகு 1,800 ஆர்பிஎம்முக்கு மேல் கடும் அதிர்வு, உதவி தேவை

செவெல்70:

வணக்கம். மிச்சிகனில் ட்ராய் பக்கம் இருக்கிறேன். வண்டி 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 396. டர்போ 400 ஆட்டோமேட்டிக், 12-போல்ட் பின் ஆக்சில், 3.31 ரேஷியோ. பழைய எஞ்சினில் ஏழாம் சிலிண்டர் சுவர் ஆழமாகக் கீறியிருந்ததால் அதை ஓரமாக வைத்துவிட்டு, மறுகட்டுமானம் செய்த 454 கன அங்குல எஞ்சின் வாங்கினேன். சிலிண்டர் துளைகளை 0.030 அங்குலம் அகலப்படுத்தியது, அதனால் இப்போது 460 கன அங்குலம். ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஹைட்ராலிக் ரோலர் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 9.5 கம்ப்ரெஷன்.

எஞ்சின் கட்டியவர் தன் ஸ்டாண்டில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் கொடுத்தேன். அங்கே கார்புரேட்டர் மேல் வைத்த தண்ணீர்க் குவளை அசையவில்லை. வண்டியில் ஏற்றியது வேறு ஒரு கராஜ்.

இப்போது பிரச்சினை: ஐடில் 850 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 850 சுற்று) பெரிய கேமுக்கு உரிய லேசான குலுக்கல் மட்டும். 1,800-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் ரீங்காரமிடுகிறது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியவில்லை. 2,500-இல் கியர் லீவர் தனியாக ஆடுகிறது. 3,000-க்கு மேல் போக மனம் வரவில்லை. ஆயில் பிரஷர் சூட்டில் ஐடிலில் 25, 2,500-இல் 60 பிஎஸ்ஐ. டைமிங் ஆரம்பம் 14, மொத்தம் 36 டிகிரி. பிளக் எட்டும் ஒரே நிறம். இன்னொன்று, சிக்னலில் நின்றால் சூடு 215 ஃபாரன்ஹீட் வரை ஏறுகிறது, ஓடும்போது 185.

கராஜில் கேட்டால் "பெரிய கேம் போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். உண்மையா? ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் கார் ஊர்வலத்துக்கு எடுத்துப்போக ஆசை. அதைவிட, இத்தனை செலவழித்த எஞ்சினுக்கு உள்ளே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் தூங்கவிடவில்லை.

ஹைவே_ஓட்டி:

டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருக்கும் யூ-ஜாயிண்ட் பாருங்க நண்பா. எஞ்சின் இறக்கி ஏற்றும்போது டிரான்ஸ்மிஷன் பின்முனையின் கோணம் மாறியிருக்கும். என் நோவாவில் அப்படித்தான் 60 மைலில் உதறியது, ஷிம் வைத்ததும் போய்விட்டது.

செவெல்70:

நன்றி. ஆனால் வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் அதே அதிர்வு வருகிறது.

ஹைவே_ஓட்டி:

அப்போ டிரைவ் ஷாஃப்ட் இல்லை. அது சுற்றாமலே ஆடுகிறதே. எஞ்சினையும் டிரான்ஸ்மிஷனையும் இணைக்கும் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுவேன். டிரான்ஸ்மிஷனை அவிழ்த்துக் கட்டக் கொடுத்துவிடுங்கள்.

கிராங்க்கேஸ்:

தம்பி, டிரான்ஸ்மிஷனுக்குச் செலவழிக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் மெஷின் ஷாப்பில் பேலன்சிங் மெஷினோடு வாழ்ந்தவன். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது.

முதலில் கேம் விஷயம். பெரிய கேமின் குலுக்கல் ஐடிலில்தான் இருக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுதல் என்பதால் குறைந்த வேகத்தில் எரிதல் ஒழுங்காக நடக்காது. வேகம் ஏற ஏற அது தானாகச் சரியாகி எஞ்சின் வழவழப்பாகும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர். சுற்றும் பொருளில் எடை ஒரு பக்கம் கூடினால், வேகம் இரட்டிக்கும்போது உதறும் விசை நான்கு மடங்காகும். 1,800-இல் ரீங்காரம், 2,500-இல் லீவர் ஆட்டம், 3,000-இல் பயம். இது எடைச் சமன் குலைந்த கணக்கு. கராஜ்காரர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்து, ஸ்டாண்டில் அசையாத எஞ்சின் வண்டியில் ஆடுகிறது. ஆகவே பிஸ்டன், ராடு, கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) எதுவும் குற்றவாளி இல்லை. ஸ்டாண்டுக்கும் வண்டிக்கும் நடுவில் என்னென்ன மாறியது என்று மட்டும் பாருங்கள். மவுண்ட், பெல்ட்டில் ஓடும் சாமான்கள், கன்வெர்ட்டர், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட். என் கேள்விகள்:

கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் ஹார்மானிக் டாம்பர் (அதிர்வை அடக்கும் சக்கரம்) எஞ்சினோடு வந்ததா, பழைய 396-இல் இருந்ததா? ஃப்ளெக்ஸ் பிளேட் எதிலிருந்து வந்தது? கட்டியவரிடம் கேளுங்கள்: கிராங்க் ஜிஎம் ஒரிஜினலா, உள்சமனா வெளிச்சமனா?

பதில் வரும் வரை 1,500-ஐத் தாண்டாதீர்கள்.

செவெல்70:

அண்ணா, கட்டியவரோடு பேசிவிட்டேன். கிராங்க் ஜிஎம் ஒரிஜினல், வெளிச்சமன். டாம்பர் 454-க்கு உரியது, எஞ்சினோடு மாட்டித்தான் கொடுத்தார். ஃப்ளெக்ஸ் பிளேட் கொடுக்கவில்லை, ஸ்டாண்டில் தன்னுடையதைப் போட்டு ஓட்டினாராம். கராஜ் பில்லைத் தேடி எடுத்தேன். "ஃப்ளெக்ஸ் பிளேட்: வாடிக்கையாளருடையது, மீண்டும் பொருத்தப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது.

கிராங்க்கேஸ்:

அங்கேதான் இருக்கிறது தம்பி.

செவர்லேயின் பெரிய வி8 வரிசையான பிக் பிளாக்கில் 396, 402, 427 மூன்றும் உள்சமன். (1970-இல் உங்கள் வண்டியில் 396 என்று பேட்ஜ் இருந்தாலும் உள்ளே வந்தது 402.) அவற்றுக்கு வேண்டிய எதிர் எடை முழுவதும் கிராங்க்கிலேயே இருக்கும், டாம்பரும் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் சமனாகச் சுற்றும் வெறும் வட்டங்கள். 454-க்கு ஸ்ட்ரோக் 4.00 அங்குலம், 402-க்கு 3.76. ஸ்ட்ரோக் நீண்டதால் வேண்டிய எதிர் எடையை முழுதாகக் கிராங்க்கேஸுக்குள் வைக்காமல், மிச்சத்தை முன்னே டாம்பரிலும் பின்னே ஃப்ளெக்ஸ் பிளேட்டிலும் பிரித்து வைத்தார்கள். உங்கள் எஞ்சின் இப்போது ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்த தராசு. முன்னால் எடை இருக்கிறது, பின்னால் இல்லை.

இந்தத் தப்பு இத்தனை எளிதாக நடக்கக் காரணம், எல்லாமே தடங்கல் இல்லாமல் பொருந்திவிடும். பிளாக்கின் வெளி அளவு ஒன்று, கிராங்க் முனையின் போல்ட் துளைகள் ஒன்று, டர்போ 400-க்கு இரண்டிலும் 168 பல் பிளேட். கையில் எடுத்தால் பார்வைக்கு ஒரே வித்தியாசம், 454 பிளேட்டில் ஓரமாக ஒரு இரும்புத் துண்டு வெல்டு செய்திருக்கும். தெரிந்தவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

எஞ்சினை இறக்காமலே உறுதி செய்யலாம். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பிளக் எல்லாம் எடுத்துவிடுங்கள். கன்வெர்ட்டருக்குக் கீழே இருக்கும் தகர மூடியை அவிழ்த்து, டாம்பர் போல்ட்டில் ராட்செட் வைத்துக் கிராங்க்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்துக்கொண்டு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பிளேட்டின் இரு பக்கமும் பாருங்கள். எடைத் துண்டு தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

கூடவே ஒரு சின்னச் சோதனை: பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், 2,000 போதும். வாட்டர் பம்ப் சுற்றாது, அதனால் அதற்கு மேல் வேண்டாம். அதிர்வு அப்படியே இருந்தால் ஃபேன், ஆல்டர்னேட்டர் எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும்.

செவெல்70:

பெல்ட் இல்லாமலும் அதே அதிர்வு. பிளேட்டை முழுச் சுற்று பார்த்தோம். எடைத் துண்டு இல்லவே இல்லை, சுற்றிலும் வழவழவென்று இருக்கிறது.

கராஜுக்கு அழைத்தேன். தப்பை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் "டிரான்ஸ்மிஷனை இறக்க வேண்டாம், கீழேயிருந்தே பிளேட்டில் ஒரு எடையை வெல்டு செய்து தருகிறோம்" என்கிறார்கள். விடலாமா அண்ணா?

கிராங்க்கேஸ்:

கண்டிப்பாக விடாதீர்கள். எவ்வளவு எடை, மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம், இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் அது சமன். படுத்துக்கொண்டு கண்ணளவில் ஒட்டுகிற காரியம் இல்லை. வெல்டிங் சூட்டில் பிளேட் கோணினால் ஓரத்தில் இருக்கும் ரிங் கியர் பற்கள் ஸ்டார்ட்டரைத் தின்னும். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் அதுவும் கேடு.

டிரான்ஸ்மிஷனைப் பின்னால் தள்ளி 454-க்கு உரிய வெளிச்சமன் பிளேட் போடச் சொல்லுங்கள். 1990 வரை வந்த, பின் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டாக இருக்கும் மாடலுக்கானது என்று சொல்லி வாங்குங்கள். 1991-க்குப் பிறகு சீல் ஒரே துண்டு, கிராங்க் முனையே வேறு. பிளேட்டில் டவல் துளை (நிலையைக் குறிக்கும் ஊசித் துளை) கிராங்க்கோடு நேர்ப்படும் நிலையில்தான் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் எடை தவறான பக்கம் போய் இப்போதைவிட மோசமாகும். கிராங்க் போல்ட்டுக்குப் பூட்டுப் பசை தடவி 65 அடி-பவுண்டு.

திரும்ப ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கன்வெர்ட்டர் பம்புக்குள் மூன்று படியாக இறங்கும். சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொரு படியும் கையில் தெரியும். முழுதாக உட்கார்ந்திருந்தால் பெல் ஹவுசிங் கையாலேயே பிளாக்கோடு ஒட்டும். ஒட்டாத இடைவெளியைப் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடையும், பிறகு அழ வேண்டியதுதான். ஹவுசிங் ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் 1/8 முதல் 3/16 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். அளந்து பார்த்த பிறகுதான் கன்வெர்ட்டரை முன்னால் இழுத்துப் போல்ட் போடணும்.

உங்கள் பயத்துக்கு ஒரு வழி: இப்போதே ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். புது எஞ்சினில் கொஞ்சம் கருந்தூள் இருப்பது சகஜம். வெள்ளியோ செம்போ மாதிரி மின்னும் செதில் இருந்தால் அது பேரிங், உடனே இங்கே எழுதுங்கள்.

மஸ்டாங்_அன்பன்:

ஃபோர்டு வைத்திருப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய 302 எஞ்சினுக்கு 28 அவுன்ஸ்-அங்குல வெளிச்சமன், 1980-களின் தொடக்கத்தில் அதை 50 ஆக மாற்றிவிட்டார்கள். என் 1968 வண்டியில் பிந்தைய 5.0 எஞ்சின் போடும்போது பிளேட், டாம்பர் இரண்டையும் 50-க்கு வாங்கினேன். கலந்து போட்டால் இதே கதைதான்.

செவெல்70:

வேலை முடிந்தது. புது பிளேட்டில் எடைத் துண்டு கண்ணெதிரே இருந்தது, டவல் துளை பொருந்தியதைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். கன்வெர்ட்டர் இடைவெளி சரியாக 1/8. ஃபில்டரில் கருந்தூள் மட்டும், மின்னும் செதில் ஒன்றும் இல்லை.

முதல் ஸ்டார்ட்டிலேயே தெரிந்துவிட்டது. 2,500 வரை ஏற்றினேன், லீவர் அசையவில்லை. பிறகு சாலையில் 4,500 வரை போனேன், கண்ணாடியில் பின்வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. கூலியைக் கராஜ் ஏற்றுக்கொண்டது, பிளேட் விலை மட்டும் என்னுடையது. அண்ணா, நீங்கள் தடுத்திருக்காவிட்டால் டிரான்ஸ்மிஷனைப் பிரித்துப் போட்டிருப்பேன். மனமார்ந்த நன்றி.

நிற்கும்போது சூடேறுவது மட்டும் மிச்சம்.

ஹைவே_ஓட்டி:

டிரான்ஸ்மிஷன் யோசனை என்னுடையது, விட்டது நல்லது. சூட்டுக்கு: ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி வரும் கூடு) இருக்கிறதா? ஓடும்போது 185, நின்றால் 215 என்றால் தண்ணீர் ஓட்டம் சரி, காற்றுதான் போதவில்லை. ஃபேன் இறக்கையின் பாதி அகலம் ஷ்ரவுட்டுக்குள் இருக்க வேண்டும்.

செவெல்70:

ஷ்ரவுட் கராஜ் மூலையில் கிடக்கிறது! எஞ்சின் இறக்கும்போது கழற்றியதை மாட்டவே இல்லை. நாளை போய் எடுத்து மாட்டுகிறேன்.

மோபார்_மச்சான்:

இந்த இழை எனக்காகவே வந்த மாதிரி இருக்கிறது. 1969 டாட்ஜ் சார்ஜரில் 440 எஞ்சின் போடப் போகிறேன், ஃபோர்ஜ்டு கிராங்க், கேம் மட்டும் ஃப்ளாட் டேப்பெட் (ரோலர் இல்லாத தட்டை அடி லிஃப்டர்). எடைச் சமனில் எதைப் பார்க்கணும்? முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன கவனம் வேண்டும்?

கிராங்க்கேஸ்:

தம்பி, உங்கள் 440 ஃபோர்ஜ்டு கிராங்க் என்றால் பெரும்பாலும் உள்சமன். விதிவிலக்கு 1970-71 சிக்ஸ் பேக் (மூன்று கார்புரேட்டர் வகை), அதில் கனமான ராடு. 1974-லிருந்து வந்த வார்ப்புக் கிராங்க்கும் வெளிச்சமன். கிறைஸ்லரில் பின் எடை பிளேட்டில் இல்லாமல் கன்வெர்ட்டரிலேயே வெல்டு செய்திருக்கும், அதனால் பழைய கன்வெர்ட்டரை மாற்றாமல் போடுகிறீர்கள் என்றால் அதைத் திருப்பிப் பாருங்கள்.

ஃப்ளாட் டேப்பெட் கேமுக்கு முதல் 20 நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். கேமின் மேடுகளான லோபுகளிலும் லிஃப்டர் அடியிலும் மாலி பேஸ்ட், துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில். டிஸ்ட்ரிப்யூட்டரையும் அதன் கியரையும் எடுத்துவிட்டு 5/16 அறுகோணக் கம்பியால் ஆயில் பம்பை டிரில் வைத்து இடச்சுற்றாகச் சுற்றுங்கள். 440-இல் ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் கேம் தண்டின் துளை நேர்ப்படும்போதுதான் மேலே ஏறும். அதனால் ஒருவர் டிரில்லைப் பிடிக்க இன்னொருவர் கிராங்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு பக்க ராக்கரிலும் ஆயில் கசிவதைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை முன்பே வைத்துவிடுங்கள், சாவி திருப்பியதும் பிடிக்கணும். நெடுநேரம் கிராங்க் பண்ணினால் பேஸ்ட் வழிந்துபோகும். பிடித்ததும் ஐடிலில் விடாமல் நேராக 2,000-க்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம். எங்காவது கசிந்தால் அணைத்துச் சரிசெய்து மீதி நேரத்தைத் தொடரலாம். இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை இதற்கு மட்டும் எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.