செம்பருத்தியில் நான் நசுக்கியது மாவுப்பூச்சி இல்லை (வீட்டில் இரண்டு பேராகத் தோட்டம் பார்ப்பவர்கள் வாங்க)

பூவாளி:
கோடை, காய்ந்த காற்று, செம்பருத்தி நுனியெல்லாம் சுருண்டு வெள்ளையாக மாவுப்பூச்சி, தண்டில் எறும்பு வரிசை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பட்டதுதான். எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றுவது அவள். வெட்டுவது, கொத்துவது, கொல்வது நான்.

நான்கு நாள் விடியற்காலையில் பழைய டூத் பிரஷை வைத்துத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை மெழுகு நூல் நூலாகத் தொங்க, சில பூச்சிகள் கண்ணில் பட்டன. ஓகோ, இதுதான் தாய்ப்பூச்சி, இதை ஒழித்தால் வம்சமே ஒழிந்தது என்று கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். இருபதுக்குக் குறையாது. அவள் பக்கத்தில் வந்து செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஓடுது. மாவுப்பூச்சி இப்படி ஓடுமா?"

அடுத்ததை நசுக்க என் விரல் போய்க்கொண்டே இருந்தது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அது காம்பில் ஒட்டியிருந்த ஒரு மாவுப்பூச்சியின் மேல் தலையைக் கவிழ்த்து நின்றது. தின்றுகொண்டிருந்தது.

கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழுவாம். மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1890களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுபோய் விட்ட இனம். எங்கள் செடிக்குத் தானாக வந்திருக்கிறது, காசு வாங்காமல். நான் கட்டைவிரலை வைத்தேன். இப்போதெல்லாம் இலையில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் முதலில் வாயால் ஊதிப் பார்க்கிறேன், ஓடுகிறதா என்று. அந்த இருபது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

ஈரமண்:
பூவாளி அண்ணா, உங்களுக்குக் கையைப் பிடிக்க ஆள் இருந்தது. என் வீட்டுக்காரர் நான் இல்லாத நாளாகப் பார்த்து மல்லிக்குக் கவாத்து பண்ணினார்.

புதுத் துளிரில்தான் மொட்டு வரும், பனி முடிகிற நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும், எல்லாம் எனக்கும் தெரியும். வெட்டலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். அதனால் கோபம் வெட்டியதில் இல்லை. குவியலை அள்ளும்போது உள்ளே ஒரு சின்னான் குருவிக் கூடு கிடைத்தது. கிண்ணம் மாதிரி, கைக்கு அடக்கமாக. "பழைய கூடு, முட்டை எதுவும் இல்லை" என்றார். நார் புதிதாக இருக்கிறதே என்றேன். "மழையில் நனையாத நார் அப்படித்தான் இருக்கும்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். வாயில் ஒரு நாரோடு சின்னான் வந்து மதில்மேல் உட்கார்ந்தது. மல்லி இருந்த இடத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்து நாரைக் கீழே போட்டுவிட்டுப் பறந்துவிட்டது.

அவர் எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு பழைய கூடு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தக் கோடையில் மல்லி என்னமோ பூத்துக் கொட்டியது.

மண்வெட்டி:
என் கதை இரண்டு வரி. மனைவி ஆசையாக வளர்த்த நந்தியாவட்டைக்கு உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்துக் கருக்கிவிட்டேன். அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆனால் பூவாளி, நீங்கள் ஆரம்பித்ததே தப்பு. பிரஷ் எல்லாம் கடைசி வேலை. முதலில் எறும்பைக் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் துளிக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டிச் செடியாக இருந்தால் செங்கல்மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். கிளை எதுவும் சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். அடுத்தது வெறும் தண்ணீர். குழாய் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சினால் பாதி விழுந்துவிடும். அப்புறம்தான் வேப்பெண்ணெய். 1 லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், தெளிக்கும்போது ஒரே இலையில் மொத்தமாக இறங்கிக் கருக்கும். சோப்புக் கரைசலில் எண்ணெயை அடித்துப் பால்போல ஆக்கிக்கொண்டு, அதன்பிறகு தண்ணீர் சேருங்கள். சாயங்காலம் மட்டும். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் முக்கியம், எல்லாரும் மேலே அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஈரமண் அவர்களுக்கும் ஒன்று. கவாத்துக்கு முன்னால் பத்து நிமிடம் தள்ளி நின்று புதரைப் பார்த்தால் போதும், பறவை போகிறதா வருகிறதா என்று தெரிந்துவிடும். சின்னான் முட்டையிட்டுக் குஞ்சு கூட்டை விட்டுப் போக ஒரு மாதம்கூட ஆகாது, மல்லி காத்திருக்கும்.

ரோஜா வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். காம்புக்கு ஏழு இலை வந்தால் அது காட்டுக்கொம்பு, ஒட்டுப் போட்ட அடிச்செடியிலிருந்து முளைத்தது. யோசிக்காமல் வெட்டுங்கள்.

பூவாளி:
மண்வெட்டி ஐயா, எறும்பு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோப்புத் தண்ணீரை அன்று அடித்திருந்தால் பொறிவண்டுப் புழுவும் சேர்ந்துதான் போயிருக்கும். நான் இருபதைக் கொன்றேன், நீங்கள் மிச்சத்தையும் சேர்த்துக் கொல்லச் சொல்கிறீர்கள். மருந்து கேட்டு நான் இதை எழுதவில்லை.

இராத்திரி விளக்கு:
நந்தியாவட்டை என்றதும் எழுதத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் அதில் ஒரு பச்சைப் புழு வரும் தெரியுமா? விரல் தடிமன், முன்பக்கம் இரண்டு நீலக் கண். கண் இல்லை, கண் மாதிரி வேஷம். தொட்டால் தலையை உள்ளே இழுத்து, அந்த நீலத்தை அகல விரித்து முறைக்கும். ஒரே ராத்திரியில் ஒரு கிளையை மொட்டையடித்திருந்தது. நான் குச்சியை எடுத்தேன், அவர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நம் வீட்டில் ஒரு செடி குறைந்தால் என்ன என்கிற ரகம் அவர்.

தினமும் இலை பறித்துப் போட்டோம். சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நான்தான் கணக்கு வைத்தேன். பிறகு பச்சை போய்ப் பழுப்பாகி, போட்டிருந்த சருகுக்கு அடியில் புகுந்துகொண்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி பெட்டிக்குள் படபடவென்று சத்தம். திறந்தால் அந்துப்பூச்சி. கரும்பச்சை, இளம்பச்சை, ரோஸ் என்று பட்டுத்துணியில் வரைந்த மாதிரி. உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இறக்கையை நடுக்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியை மதில்மேல் வைத்தார்.

அது பறக்கவில்லை. ஒரு பக்கத்து இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி இருந்தது. கூட்டை விட்டு வந்ததும் எதையாவது பிடித்து ஏறி, தொங்கி, இறக்கையை விரிக்க வேண்டுமாம். வழவழப்பான பெட்டிக்குள் ஒரு குச்சியாவது சாய்த்து வைத்திருக்க வேண்டும். நான் கையில் எடுத்தேனே, அந்தக் குச்சி போதும். அவர் அன்று சாப்பிடவில்லை.

முள்கீறல்:
மண்வெட்டி அவர்களே, அந்த ஏழு இலைக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் நல்லது. நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். பார்க்க வேண்டியது இலையை இல்லை, கொம்பு ஒட்டுக்குக் கீழே முளைத்ததா மேலே முளைத்ததா என்பதை. கீழே முளைத்ததையும் மண் மட்டத்தில் வெட்டினால் போதாது, அடியில் கண் தங்கி மறுபடி நான்காக வரும். மண்ணை விலக்கி, புறப்பட்ட இடத்திலேயே பிடித்துப் பிய்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சூடு என்றால், என் கணவரும் உங்கள் கட்சி. செடியிலேயே கொழுத்த கொம்பு அதுதான், நுனியில் மொட்டு வேறு. உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று ஏழு எண்ணினார், வெட்டினார். மண்ணை விலக்கிப் பாருங்க என்று சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினேன். காதில் விழவில்லையாம். மொட்டு வீணாகக் கூடாதென்று அவரே கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதை மேசையில் வைத்தார்.

மூன்றாம் நாள் விரிந்தது. எங்கள் செடியில் பூக்கும் அதே மாந்தளிர் நிறம், அதே வாசனை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம், நடுவில் அந்தப் பூ. ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

மண்வெட்டி:
பத்து ரோஜாச் செடியில் ஏழு இலை பார்த்துத்தான் வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் ஒட்டைப் பார்ப்பது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. சாம்பல் நோய்க்கும் ஒரு வழி இருக்கிறது, வேண்டுமானால் எழுதுகிறேன்.

கோரை:
வேண்டாம் ஐயா.

நான் களை பிடுங்குகிற ஆள். வரப்பு மாதிரி சுத்தமாக இல்லையென்றால் தூக்கம் வராது. மனைவி எங்கிருந்தோ மழை லில்லிக் கிழங்கு வாங்கி வந்து நடைபாதை ஓரமாக நட்டிருக்கிறாள். என்னிடம் சொன்னாளாம். சொல்லியிருப்பாள். கோடையில் இலை காய்ந்து, அந்த இடம் வெறும் மண்ணாகிவிட்டது. பிறகு மெலிசாகப் பச்சை தலைகாட்டியதும் எனக்குக் கோரையாகத் தெரிந்தது. இழுத்தால் அடியில் கிழங்கு. கோரைக்கும் கிழங்கு உண்டே, சந்தேகமே வரவில்லை. தண்டை விரலில் உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், கோரையின் பூத்தண்டுக்கு மூன்று பட்டை, இதற்கு அது கிடையாது. கிழங்கும் சின்ன வெங்காயம் மாதிரி தோல் உரிகிறது. மொத்தத்தையும் பிடுங்கி, மக்குகிற சருகுக் குழியில் எறிந்தேன்.

அவள் நடைபாதை ஓரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெறும் மண்ணுக்கு. "மழை பெய்தால்தான் வரும்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். எதற்கு ஊற்றுகிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். ஒரு வருஷம் இப்படிப் போனது.

அடுத்த கோடையின் கடைசியில் ஒரு ராத்திரி பலத்த மழை. நாலைந்து நாள் கழித்து, காய்கறித் தோலைக் கொட்டப் பின்பக்கம் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள், "இங்க வாங்க கொஞ்சம்" என்று. சருகுக் குழி முழுக்க ரோஸ் பூ. ஐம்பது இருக்கும். முட்டை ஓட்டுக்கும் காய்ந்த இலைக்கும் நடுவில், நேராக நின்றுகொண்டு.

அவள் கையில் கிண்ணம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். "இந்தத் தோலை இனிமேல் எங்க கொட்டுறது?" என்று கேட்டாள்.