மார்கழிப் பனியில் அலுமினியப் படகின் பெயின்ட்டை உரிக்கலாமா?

கடிலக்கரை | டிசம்பர் 22, இரவு 9.10
கடலூர் முதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் 14 அடிப் படகு ஒன்று கிடைத்தது. ஃபைபர் இல்லை, சுத்த அலுமினியம். பக்கமெல்லாம் ரிவெட் ஆணி அடித்த தகடு. எந்த ஏரியில் ஓடியதோ, கடைக்காரருக்கே தெரியவில்லை. எடை போட்டுத்தான் கொடுத்தார். இப்போது வீட்டுக் கொல்லையில் நாலு டயர் மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

மேலே நீல எனாமல், அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே ஒரு மங்கிய மஞ்சள். நீலம் சில இடத்தில் வாழை மட்டை மாதிரி உரிகிறது, சில இடத்தில் உளி வைத்தாலும் அசையவில்லை. பொங்கல் லீவுக்குள் உரித்து, பெயின்ட் அடித்து, தை கடைசியில் உப்பனாற்றில் இறக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் யூடியூபில் பார்த்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் குளிர்காலத்தில் இந்த வேலையைத் தொடாதே என்கிறார்கள். அப்பாவோ காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்று, ஒரு ராத்திரியில் கழன்றுவிடும் என்கிறார். ஜன்னல் கம்பியை அப்படித்தான் உரித்தாராம். ரிமூவரா, உப்புத்தாளா, கிரைண்டரா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார் | டிசம்பர் 22, இரவு 9.31
அப்பாவிடம் இருக்கும் காஸ்டிக் டப்பாவை முதலில் ஒளித்து வையுங்கள். இரும்பை அது ஒன்றும் செய்யாது. அலுமினியத்தைத் தின்றுவிடும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும். என் ஆயா வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு அலுமினிய டப்பாவில் மாற்றி வைத்தார். சில வாரத்தில் டப்பாவின் அடி கறுத்துப் பொரிந்துபோனது. சுண்ணாம்புக்கே அந்தக் கதி என்றால் காஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பட்டறை பாண்டி | டிசம்பர் 22, இரவு 10.05
காஸ்டிக் வேண்டாம், சரி. ஆனால் இதை ஒரு பெரிய விஷயமாக்காதீர்கள். நான் புதுச்சேரியில் டிங்கரிங் பெயின்ட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவரை பிரஷ்ஷால் தடவு, மேலே பாலிதீன் தாளைப் போர்த்து, இருபது நிமிஷம் பொறு, பட்டித் தகட்டால் வழி. மிச்சத்துக்கு கிரைண்டரில் கம்பி கப் பிரஷ். இரண்டே நாள். அப்புறம் ப்ரைமராக, அதாவது அடிப்பூச்சாக, ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல். முடிந்தது.

இன்னொன்று. குளிர்காலத்தில் செய்யாதே என்று சொன்ன வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர் மார்கழி தெரியாது. இங்கே ராத்திரி 21 டிகிரி, பகலில் 28. ரிமூவருக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாது. சித்திரையில் தடவிப் பாருங்கள், பெயின்ட் பொங்குவதற்கு முன்னால் ரிமூவரே காய்ந்து பறந்துவிடும்.

ரொறன்ரோ ராசா | டிசம்பர் 22, இரவு 11.48
பாண்டி அண்ணை சொல்வது சரிதான். அந்த எச்சரிக்கை எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு. நான் போன வருசம் இங்கே ஒரு 12 அடிப் படகை கராஜுக்குள் வைத்து உரித்தேன். வெளியே மைனஸ் 12, உள்ளே ஹீற்றர் போட்டும் 6 டிகிரிதான். ரிமூவரைத் தடவிவிட்டு சாப்பிட்டு வந்து பார்த்தேன், தடவினது தடவினபடி கிடந்தது. ஹீட் கன் பிடித்தேன். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, பிடித்த இடத்தில் பெயின்ட் இளகவே இல்லை. கடைசியில் படகைச் சுற்றிக் கூடாரம் மாதிரி பிளாஸ்டிக் கட்டி, தகட்டையே இரண்டு நாள் சூடாக்கின பிறகுதான் வேலை நடந்தது. 21 டிகிரியைக் குளிர் என்று சொன்னால் நாங்கள் என்ன சொல்ல!

உப்புக்காற்று | டிசம்பர் 23, காலை 6.20
பாண்டி தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி படகைக் கெடுத்துவிடும். இருபது வருஷம் படகு ரிப்பேர் பார்த்தவன், சொல்கிறேன்.

கம்பி கப் பிரஷ்ஷை அலுமினியத்தின் பக்கமே கொண்டு வராதே. நான் ஒரு தடவை அவசரத்துக்கு அதைப் போட்டேன். அன்றைக்கு வெள்ளி மாதிரி மின்னியது. மூன்று மாசத்தில் தகடு முழுக்க அம்மை போட்ட மாதிரி பழுப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே குழி. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துகொண்டது. உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம்தான்.

ரெட் ஆக்சைடு இரும்புக்கு அடிப்பது. அலுமினியத்தில் பிடிப்பு இருக்காது. கடிலக்கரை தம்பி, உன் நீலம் ஏன் வாழை மட்டை மாதிரி வருகிறது என்று நினைக்கிறாய்? கீழே இருக்கிற அந்தச் சிவப்புதான் காரணமாக இருக்கும். யாரோ ஒரு பாண்டி முன்னாடியே வேலையைக் காட்டியிருக்கிறார்.

பட்டறை பாண்டி | டிசம்பர் 23, காலை 8.02
ஐயா, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். கப் பிரஷ் எஸ்எஸ்ஸிலும், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீலிலும் கிடைக்கிறது, அதைப் போடலாமே. ரெட் ஆக்சைடு வேண்டாமென்றால் எபாக்சி ப்ரைமர் அடிக்கட்டும். ரிமூவர் விஷயத்தில் உங்களுக்கு என்ன குறை?

உப்புக்காற்று | டிசம்பர் 23, காலை 8.40
எஸ்எஸ் பிரஷ்ஷை இரும்பு பக்கம் ஒரு தடவைகூடக் காட்டாமல் தனியாக வைத்திருந்தால் சரி. உன் பட்டறையில் அப்படி ஒரு பிரஷ் இருக்கிறதா?

ரிமூவரில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, இது வெல்டிங் படகு இல்லை, ரிவெட் படகு. தகட்டின் மேல் தகடு ஏறி உட்கார்ந்திருக்கும் இடுக்கு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. ரிமூவர் அந்த இடுக்கில் இறங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது. நீ மேலே புது ப்ரைமர் அடிப்பாய், அது உள்ளே இருந்து கசிந்து, ரிவெட் வரிசை நெடுக உன் புது பெயின்ட்டையே பொங்க வைக்கும். போதாததற்கு ரிமூவரில் மெழுகு கலந்திருக்கும், சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க. அந்த மெழுகைத் தின்னரால் துடைக்காமல் எது அடித்தாலும் நிற்காது.

இரண்டாவது, மூச்சு. இதை வாத்தியார் சொல்லட்டும்.

வேதியியல் வாத்தியார் | டிசம்பர் 23, மதியம் 1.15
நம் கடைகளில் விற்கும் ரிமூவர்களில் பலவற்றில் மெத்திலீன் குளோரைடுதான் முக்கியச் சரக்கு. கொதிநிலை சுமார் 40 டிகிரி, அதனால்தான் பாண்டி சொன்னபடி சித்திரை வெயிலில் பறந்துவிடுகிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மூலையில், படகின் உள்பக்கத்தில் தேங்கும். உடம்புக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் பெயின்ட் உரிக்கப் பொதுமக்களுக்கு இதை விற்பதை 2019இல் நிறுத்தினார்கள், 2024இல் இன்னும் இறுக்கினார்கள். சாதாரண மெல்லிய கையுறை வழியாகச் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். சாதா துணி மாஸ்க் சுத்தமாக உதவாது. திறந்த கொல்லையில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, படகைக் கவிழ்த்தபடியே செய்தால் பரவாயில்லை. நிமிர்த்தி வைத்து உள்ளே குனிந்து வேலை பார்ப்பது கூடவே கூடாது.

மஞ்சள் அடுக்கைப் பற்றி ஒரு கேள்வி. பச்சை கலந்த மஞ்சளா? பளபளப்பில்லாமல், சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதா?

சுண்ணாம்பாறு | டிசம்பர் 23, மாலை 5.30
எதற்கு இவ்வளவு ரகளை? உரித்துவிட்டு அப்படியே விடுங்கள். அலுமினியத்துக்குத் தோல் மாதிரி ஒரு ஆக்சைடு படலம் தானாக வரும், அதுவே காவல். பெயின்ட்டே இல்லாமல் உலகத்தில் எத்தனை அலுமினியப் படகு ஓடுகிறது.

பட்டறை பாண்டி | டிசம்பர் 23, மாலை 6.11
சித்திரை வெயிலில் பெயின்ட் இல்லாத அலுமினியத்தில் உட்கார்ந்து பாருங்கள் சார். தோசைக்கல்.

கடிலக்கரை | டிசம்பர் 23, இரவு 9.00
வாத்தியார் சார், ஆமாம், பச்சை கலந்த மஞ்சள்தான். பளபளப்பே இல்லை. தேய்த்தால் விரலில் லேசாக ஒட்டுகிறது. ஏன்?

வேதியியல் வாத்தியார் | டிசம்பர் 23, இரவு 9.22
இனிமேல் தேய்க்காதீர்கள். அது ஜிங்க் குரோமேட் ப்ரைமராக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் விமானத் தகட்டுக்கும் அலுமினியப் படகுக்கும் அடித்தது. அருமையான ப்ரைமர், ஆனால் அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று படித்திருப்பீர்கள். காய்ந்த உப்புத்தாளோ கிரைண்டரோ போட்டால் அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குத்தான். மேலே இருக்கும் நீலத்தையும் நம்ப முடியாது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. இது அதற்கும் முந்தைய பெயின்ட் போலத் தெரிகிறது.

உப்புக்காற்று | டிசம்பர் 24, காலை 5.55
மஞ்சள் என்றதுமே நினைத்தேன். தம்பி, அப்படியானால் வேலை பாதியாகக் குறைந்தது. மஞ்சள் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் அதை உரிக்கவே உரிக்காதே. நீலத்தையும் சிவப்பையும் மட்டும் எடு. பட்டித் தகட்டின் முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொள், இல்லாவிட்டால் தகட்டில் கோடு விழும். தூக்க முடியாத இடத்தில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், வாட்டர் பேப்பர், கையால். வழிந்ததையெல்லாம் கீழே தார்ப்பாய் விரித்துப் பிடி. கொல்லைக் கிணற்றிலோ கெடிலம் ஆற்றிலோ போகக் கூடாது.

பட்டறை பாண்டி | டிசம்பர் 24, காலை 9.30
பழைய ப்ரைமரை நம்பி மேலே புது பெயின்ட்டா? எந்தப் பெயின்டரும் ஒத்துக்கொள்ள மாட்டான். அடித்தளம் யார் போட்டது, எப்போது போட்டது என்று தெரியாமல் மேலே வீடு கட்டுகிற மாதிரி. வெறும் தகடு வரை போனால்தான் கேரண்டி.

உப்புக்காற்று | டிசம்பர் 24, காலை 10.05
வெறும் தகடு வரை போனால் என்ன ஆகும் தெரியுமா? மார்கழியில் அதுதான் ஆபத்து. உரித்துச் சுரண்டிய அலுமினியத்தில் அடுத்த நிமிஷமே ஆக்சைடு ஏற ஆரம்பிக்கும். சில மணி நேரத்துக்குள் ப்ரைமர் ஏற வேண்டும். நீ இரண்டு நாளில் முழுப் படகையும் உரித்துப் போட்டுவிட்டு ராத்திரி தூங்கப் போவாய். திறந்த வானத்தின் கீழே தகடு காற்றைவிடக் குளிர்ந்து, விடிகாலை நாலு மணிக்குப் படகு முழுக்கப் பனி சொட்டும். அதோடு கடல் உப்பும் இறங்கும். மறுநாள் அதன் மேல் ப்ரைமர் அடித்தால் அது தகட்டில் ஒட்டாது, உப்பில் ஒட்டும். குளிர் நமக்குப் பிரச்சினையே இல்லை என்று நீ சொன்னது உண்மை. ஈரம்தான் பிரச்சினை. அதை நீ சொல்லவே இல்லை.

என் வழி இது: ஒரு நாளைக்கு ஒரு பாகம். காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு ஆரம்பி. நல்ல தண்ணீரில் கழுவு. மூன்று மணிக்குள் அந்தப் பாகத்துக்கு ப்ரைமர். ஈரத் துணியால் ஓரிடத்தைத் துடை. கால் மணி நேரத்தில் காயவில்லையென்றால் அன்றைக்குக் கடையை மூடு.

கடிலக்கரை | டிசம்பர் 24, இரவு 8.45
2011 ‘தானே’ புயலில் பலா மரம் போனதிலிருந்து எங்கள் கொல்லையில் நிழலே இல்லை. பனி நேராகத்தான் இறங்குகிறது. தார்ப்பாய் போர்த்தட்டுமா?

உப்புக்காற்று | டிசம்பர் 24, இரவு 9.10
போர்த்தாதே, உள்ளே வியர்த்து இன்னும் நனையும். நாலு கம்பு நட்டு, தலைக்கு மேல் பந்தல் மாதிரி கட்டு. பக்கம் திறந்திருக்கட்டும்.

பட்டறை பாண்டி | டிசம்பர் 24, இரவு 10.20
சரி ஐயா, பனி பாயின்ட்டை ஒத்துக்கொள்கிறேன். என் பட்டறைக்குக் கூரை இருப்பதால் எனக்கு உறைக்கவில்லை. ஆனால் மஞ்சளை விடச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி, இரண்டு சாண் அகலத்தில் மூன்று கட்டம் போடு. ஒன்றில் ரிமூவர், ரிவெட்டிலிருந்து தள்ளி. ஒன்றில் ஐயா சொன்ன கை வேலை. மூன்றாவதில் மஞ்சளை விட்டு, அதன் மேலேயே எபாக்சி ப்ரைமர். காய்ந்ததும் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டிப் பிடுங்கு. எது வருகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

கடிலக்கரை | ஜனவரி 4, மாலை 4.30
ஒரு வாரம் மழை, தாமதத்துக்கு மன்னிக்கவும். பாண்டி அண்ணன் சொன்னபடியே மூன்று கட்டமும் போட்டேன்.

ரிமூவர் கட்டம்: பத்து நிமிஷத்தில் நீலம் அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பியது. பட்டித் தகட்டை வைத்துத் தள்ளியதும் நீலமும் சிவப்பும் ஒரே ஏடாக வந்தன. பார்க்க ஆனந்தமாக இருந்தது. ஆனால் மஞ்சளும் குழைந்து கூடவே வந்துவிட்டது, கீழே கிடந்த தாளெல்லாம் மஞ்சள் சேறு. தலை கிறுகிறுத்தது, திறந்த வெளியில் நின்றும்கூட.

கை வேலைக் கட்டம்: ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை போச்சு. ஆனால் மஞ்சள் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் டேப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு மூலையில் மட்டும் அரிசி அளவு வந்தது. மற்றது அசையவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். பின்பக்கம் மோட்டார் மாட்டும் பலகைக்குக் கீழே மஞ்சளே இல்லை. வெள்ளைப் பொடி, விரலால் தட்டினால் கொட்டுகிறது. நடுவில் துருப்பிடித்த இரும்பு போல்ட் ஒன்று.

பட்டறை பாண்டி | ஜனவரி 4, மாலை 5.15
அரிசி அளவு வந்ததே, அதுதான் நான் சொன்னது. சரி, போகட்டும். அந்த வெள்ளைப் பொடி கதை வேறு. பலகையைக் கழற்றினாயா?

உப்புக்காற்று | ஜனவரி 4, மாலை 5.40
ஈரப் பலகை, இரும்பு போல்ட், அலுமினியம். மூன்றும் சேர்ந்து வருஷக்கணக்கில் தின்றிருக்கின்றன. பலகையைக் கழற்று. போல்ட்டை எஸ்எஸ்ஸுக்கு மாற்று, நைலான் வாஷர் போட்டு. அதற்கு முன் படகை நிமிர்த்தி உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் விடு. நிறைய விடாதே, கனம் தாங்காமல் ரிவெட் பிய்த்துக்கொள்ளும். கீழே படுத்து, சொட்டுகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடு.

கடிலக்கரை | ஜனவரி 5, காலை 11.20
விட்டேன். பின்பக்க ரிவெட் வரிசையில் மட்டும் பதினோரு வட்டம். பலகைக்குக் கீழே தகட்டில் ஊசி நுழையும் ஓட்டை இரண்டு.

பட்டறை பாண்டி | ஜனவரி 5, காலை 11.34
பெயின்ட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருத்தர் உள்ளே இருந்து இரும்பு முட்டுக் கொடுக்க. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அலுமினிய ரிவெட்டையே வாங்கி வை.

உப்புக்காற்று | ஜனவரி 5, மதியம் 12.02
நானும் வருகிறேன். இந்தத் தண்ணீர் சோதனையை டிசம்பர் 22ஆம் தேதியே சொல்லியிருக்க வேண்டும், எனக்கே தோன்றவில்லை. பாண்டி, உன் கப் பிரஷ்ஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.